சட்டையை மாற்றியும் விடாத காகங்கள்: முகத்தை அடையாளம் காண்கின்றனவா?

மாடிவீடு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். கடந்த மூன்று வாரங்களாக எங்கள் வீட்டு வாசலில் நடந்துவருவதை எழுதி, இதைப் பற்றி அறிந்தவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

எங்கள் வீடு திருச்சியில் இருக்கிறது. வாசலில் உள்ள வேப்பமரத்தில், சாம்பல் கழுத்துடைய சாதாரண வீட்டுக்காகம் ஒன்று சுள்ளியும் கம்பியும் கலந்து கூடு கட்டியிருந்தது. மே மாதத் தொடக்கத்தில், சரியாகப் பறக்கத் தெரியாத குஞ்சு ஒன்று தரையில் விழுந்து கிடந்தது. தெருநாய் நெருங்கி வந்ததால், குஞ்சைத் துண்டால் பொத்தி எடுத்து மதில்மேல் விட்டேன். அது என் கையில் இருந்த நேரம் அரை நிமிடம்கூட இராது. அதற்குள் பெரிய காகங்கள் இரண்டும் தொண்டை கிழியக் கத்தியபடி என் தலைக்கு மேல் வட்டமிடத் தொடங்கிவிட்டன.

அன்றிலிருந்து நான் வாசலுக்கு வந்தால் போதும், பின்பக்கமாகப் பாய்ந்து வந்து உச்சந்தலையில் கால்களால் தட்டிவிட்டுப் போகின்றன. என் மனைவி அதே மரத்தடியில் கோலம் போடுகிறார்; அவரை ஒன்றும் செய்வதில்லை. பால்காரர், கூரியர் கொண்டுவரும் பையன், எதிர்வீட்டுத் தாத்தா எவரையும் தொடவில்லை. சட்டையின் நிறம்தான் காரணமோ என்று நான்கு நாட்கள் வெவ்வேறு சட்டைகளில் சென்று பார்த்தேன், பயனில்லை. அன்றைக்கு நான் போட்டிருந்த அதே நீலக் கட்டம் போட்ட சட்டையை என் தம்பிக்குக் கொடுத்து அனுப்பினேன். காகங்கள் கிளையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அமைதியாக இருந்தன. முகம் முழுவதையும் மறைக்கும் தலைக்கவசத்துடன் சென்றபோது என்னையும் விட்டுவிட்டன. மறுநாள் அதே கவசத்தை மரத்தடியில் நின்று கழற்றினேன். ஐந்து நொடிக்குள் ஒன்று பாய்ந்தது.

காகம் மனித முகத்தை நினைவில் வைக்கிறதா? அல்லது என் நடையையோ உயரத்தையோ வைத்துக் கண்டுபிடிக்கிறதா? இதை அறிவு என்று சொல்லலாமா, அல்லது குஞ்சைக் காக்கும் இயல்பூக்கத்தை நான் பெரிதுபடுத்துகிறேனா?

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

மாடிவீடு ஐயா, நீங்கள் செய்த சோதனையைப் பெரிய அளவில், பல ஆண்டுகள் தொடர்ந்து செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதை அறிந்தால் மகிழ்வீர்கள்.

அமெரிக்காவின் சியாட்டல் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஜான் மார்ஸ்லஃப் என்ற பறவையியலாளர் 2006-இல் இதைத் தொடங்கினார். குகைமனிதனின் முகம் போன்ற ரப்பர் முகமூடியை அணிந்துகொண்டு, பல்கலைக்கழக வளாகத்தில் ஏழு காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விடுவித்தார்கள். அவற்றுக்கு வேறு எந்தத் துன்பமும் செய்யவில்லை. பிறகு வெவ்வேறு ஆட்கள் அதே முகமூடியுடன் வளாகத்தில் நடந்தார்கள். ஆணோ பெண்ணோ, குட்டையோ நெட்டையோ, அணிந்தவர் யாராயினும் காகங்கள் திட்டிக் கத்தின. ஒப்பீட்டுக்காக, அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனியின் முகமூடியை அணிந்தவர்களும் நடந்தார்கள். அவர்களைக் காகங்கள் பொருட்படுத்தவில்லை. குகைமனித முகமூடியின்மேல் தொப்பி வைத்து மறைத்தும், அதைத் தலைகீழாக மாட்டியும் பார்த்தார்கள். அப்போதும் காகங்கள் ஏமாறவில்லை. ஆகவே நடை, உயரம், உடை ஆகியவற்றைவிட முகமே முதன்மையான அடையாளம் என்று கொள்ளலாம். உங்கள் தம்பிக்குக் கிடைத்த அமைதியும், உங்கள் தலைக்கவசம் தந்த பாதுகாப்பும் இதனோடு பொருந்துகின்றன.

என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது இதற்குப் பின் நடந்தது. பிடிபட்டவை ஏழு காகங்கள் மட்டுமே. ஆனால் சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்து மார்ஸ்லஃப் அந்த முகமூடியுடன் ஒருமுறை நடந்தபோது, எதிர்ப்பட்ட 53 காகங்களில் 47 அவரைத் திட்டின. அவற்றில் பெரும்பாலானவை பிடிபட்டவை அல்ல; அந்த முகத்தால் ஒரு தீங்கையும் அடையாதவை. திட்டும் காகத்தைச் சுற்றி மற்றவை கூடுகின்றன. கூடியவை அந்த முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்கின்றன. தாய் தந்தை திட்டுவதைப் பார்க்கும் குஞ்சுகளும் கற்றுக்கொள்கின்றன. ஆண்டுகள் செல்லச்செல்ல எதிர்ப்பு மெல்லக் குறைந்து, 2023 செப்டம்பரில் நடந்தபோதுதான் ஒரு காகமும் கத்தவில்லை. இடையில் 17 ஆண்டுகள் கடந்திருந்தன.

இதை எழுதும்போதே உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் தர வேண்டியிருக்கிறது: உங்கள் தெருவின் மற்றக் காகங்களும் விரைவில் உங்களைத் தெரிந்துகொள்ளக்கூடும். மரத்தடியில் நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஐயவாதி எழுதியது:

ஆசிரியை குறிப்பிட்ட முகமூடி ஆய்வை நானும் ஏற்கிறேன். ஆனால் காகத்தைப் பற்றி இணையத்தில் சுற்றும் கதைகள் அனைத்தையும் அதே தட்டில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன்.

ஜப்பானின் செண்டாய் நகரில் காகங்கள் வால்நட் கொட்டைகளைச் சாலையில் வைத்துவிட்டு, கார்ச் சக்கரம் ஏறி உடைந்ததும் பருப்பைத் தின்பதை அந்நாட்டு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தச் செய்தி பரவியதும், உலகில் எந்தக் காகம் சாலையில் கொட்டையைப் போட்டாலும் காரைக் கருவியாகப் பயன்படுத்துகிறது என்று எழுதத் தொடங்கினார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் இதே நம்பிக்கை நிலவியது. அங்குள்ள ஆய்வாளர்கள் பொறுமையாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். கார் வரும்போது கொட்டையைச் சாலையில் போடுவதும், கார் வராதபோது போடுவதும் ஒரே அளவில்தான் இருந்தன. அந்தக் காகங்கள் காரை எதிர்பார்க்கவே இல்லை. தார்ச்சாலை கடினமாக இருப்பதால் அதன்மேல் போட்டன, அவ்வளவுதான்.

அதேபோல் பெட்டி என்ற காகத்தின் கதை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2002-இல், செங்குத்துக் குழாயின் அடியில் சிறு வாளியில் இறைச்சியை வைத்து, நேர்க்கம்பி ஒன்றும் வளைந்த கம்பி ஒன்றும் கொடுத்தார்கள். உடனிருந்த ஆண் காகம் வளைந்ததைத் தூக்கிக்கொண்டு போய்விட, பெட்டி நேர்க்கம்பியைத் தானே வளைத்துக் கொக்கியாக்கி வாளியைத் தூக்கியது. உலகமே வியந்தது, சிக்கலைக் கண்டு, யோசித்து, புதிதாகக் கண்டுபிடித்த பறவை என்று கொண்டாடினார்கள். ஆனால் 2016-இல் வெளியான ஆய்வில், அதே இனத்தைச் சேர்ந்த, காட்டில் பிடித்த பல காகங்கள், இயற்கையான செடித்தண்டைக் கொடுத்தாலே அதை வளைப்பது தெரியவந்தது. கம்பியை வளைத்தது அந்த நொடியில் உதித்த புத்தி என்று இனிச் சொல்வது கடினம். அந்த இனத்தின் வழக்கமான கைவேலையாகவும் அது இருக்கலாம்.

மேலும், மனிதர் கையில் வளர்ந்த, கருவி செய்யும் பெரிய காகத்தை ஒருபோதும் பார்த்திராத குஞ்சுகளும் குச்சியைக் கருவியாகப் பயன்படுத்தத் தொடங்கிவிடுகின்றன என்று 2005-இல் கண்டறிந்திருக்கிறார்கள். பிறவியிலேயே உள்ளதை அறிவு என்று எப்படிச் சொல்வது?

தாழைக்காடு எழுதியது:

ஐயவாதி நண்பரே, உங்கள் எச்சரிக்கை தேவையானது. ஆனால் டேவிஸ் நகரக் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள்.

அதே காகங்களையும் அதே கொட்டைகளையும் பற்றி அடுத்துச் செய்த ஆய்வு 1999-இல் வெளியானது. கெட்டியான ஓடுள்ள கொட்டையை அவை உயரத்திலிருந்து போட்டன; மெல்லிய ஓடுள்ளதைத் தாழ்விலிருந்து போட்டன. தரை கடினமாக இருந்தால் உயரத்தைக் குறைத்தன, மண்தரையானால் கூட்டின. அருகில் வேறு காகங்கள் நின்றால், உடைந்ததும் தட்டிப் பறித்துவிடும் என்பதால், இன்னும் தாழ்விலிருந்து போட்டன. காரைப் பற்றிய அழகான கதை பொய்த்துவிட்டது. அதற்குள் மறைந்திருந்த உண்மை அதைவிடச் செறிவானது என்றே நான் கருதுகிறேன். கொட்டையின் தன்மை, தரையின் தன்மை, திருடர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் கணக்கில் எடுத்து, பறக்கும் உயரத்தை மாற்றுகிறது அந்தப் பறவை.

அடுத்து, பிறவியில் உள்ளது என்ற கேள்விக்கு வருகிறேன். பெட்டியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா. பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட தீவுக்கூட்டம் அது. அங்குள்ள காகங்கள் கருவி செய்வதை கேவின் ஹன்ட் என்ற ஆய்வாளர் 1996-இல் அறிவியல் உலகுக்கு விரிவாக எடுத்துரைத்தார். அவை இரண்டு வகைக் கருவிகளைச் செய்கின்றன. ஒன்று, கவட்டைக்கிளையை ஒடித்து, கவட்டு முனையை அலகால் சீவிக் கொக்கியாக்குவது. மற்றொன்று தாழை மடலிலிருந்து வெட்டி எடுப்பது. நம் கடற்கரையில் வளரும் தாழையின் உறவுதான் அங்குள்ளதும்; விளிம்பு முழுவதும் முள். தாழை மடலைக் கையில் பிடித்துக் கிழித்துப் பார்த்தவர்களுக்கு அதன் நார் எவ்வளவு உறுதியானது என்று தெரியும். நீளவாக்கில் எளிதாகப் பிரியும், குறுக்கே கிழியாது.

காகம் அந்த நாரின் போக்கை அறிந்து வேலை செய்கிறது. விளிம்பில் அலகால் குறுக்கே ஒரு வெட்டு, அங்கிருந்து நாரின் வழியே ஒரு கிழிப்பு, மறுபடி குறுக்கே சிறிது உள்வாங்கி ஒரு வெட்டு, மறுபடி கிழிப்பு. இப்படிப் படிப்படியாகச் சென்று இறுதியில் பிரித்தெடுத்தால், பிடிக்கும் பக்கம் அகன்று உறுதியாகவும், முனை குறுகியும், ஓரம் முழுவதும் இயற்கையான முள் வரிசையுடனும் ஒரு கருவி கிடைக்கிறது. மரப்பொந்தில் விட்டு இழுத்தால் புழுவும் பூச்சியும் முள்ளில் மாட்டிக்கொண்டு வரும். மடலில் எஞ்சியிருக்கும் வெட்டுத்தடம், எடுத்துச் சென்ற கருவியின் அச்சு அசலான எதிர்வடிவமாக நின்றுவிடுவதால், காகத்தைப் பார்க்காமலேயே மடல்களை மட்டும் பார்த்து ஆயிரக்கணக்கான கருவிகளின் வடிவத்தை ஆய்வாளர்களால் பதிவுசெய்ய முடிந்தது. அகன்றது, குறுகியது, படிப்படியானது என்று மூன்று வடிவங்கள் இருப்பதும், இடத்துக்கு இடம் அவை மாறுவதும் அப்படித்தான் தெரியவந்தன.

குச்சியைப் பிடித்துக் குத்தும் ஆர்வம் பிறவியில் வருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் திறமான படிக்கருவியைச் செய்ய இளங்காகத்துக்கு நெடுநாள் பிடிக்கிறது. பெற்றோருடன் திரிந்து, அவை போட்டுவிட்டுப் போன கருவிகளை எடுத்துப் பயன்படுத்தித் தவறித் தவறித்தான் பழகுகிறது. மனிதக் குழந்தைக்குப் பேசும் உந்துதல் பிறவியில் வருகிறது என்பதால், தமிழைக் கற்பது அறிவின் செயல் அல்ல என்று நாம் சொல்வதில்லையே.

ஐயவாதி எழுதியது:

டேவிஸ் ஆய்வின் இரண்டாம் பகுதியை நான் படித்திருக்கவில்லை, நன்றி. உயரத்தை மாற்றும் செய்தி, கார்க் கதையைவிட என்னை அதிகம் ஏற்கச் செய்கிறது.

பானையில் கல் போட்ட காகத்தின் கதையையும் சோதித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

ஆம், பலமுறை சோதித்திருக்கிறார்கள். 2009-இல் இங்கிலாந்தில் ரூக் என்ற காக இனத்தைச் சேர்ந்த நான்கு பறவைகளிடம், பாதி நீர் நிரம்பிய குழாயையும், நீரில் மிதக்கும் புழுவையும், பக்கத்தில் கற்களையும் வைத்தார்கள். அவை கல்லைப் போட்டு நீரை உயர்த்திப் புழுவை எடுத்தன. சிறு கற்களைவிடப் பெரிய கற்களை விரும்பிப் போட்டன.

2014-இல் நியூ கலிடோனியக் காகங்களிடம் செய்த சோதனை இன்னும் நுணுக்கமானது. மணல் நிரம்பிய குழாயையும் நீர் நிரம்பிய குழாயையும் அருகருகே வைத்தபோது, அவை நீர்க்குழாயில் கல் போட்டன. மிதக்கும் பொருளையும் மூழ்கும் பொருளையும் கலந்து வைத்தபோது, மூழ்குவதையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தன. உள்ளீடற்ற பொருளைவிடக் கெட்டியானதைத் தேர்ந்தெடுத்தன. ஆனால், அகலமான குழாயைவிடக் குறுகிய குழாயில் நீர் விரைவாக உயரும் என்பதை அவை உணரவில்லை. இரண்டு குழாய்களை அடியில் மறைவாக இணைத்து, ஒன்றில் போட்டால் மற்றொன்றில் நீர் உயரும்படி செய்தபோதும் தோற்றன.

என் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தத் தோல்விகளைத்தான். எதில் வெல்கிறது, எதில் தோற்கிறது என்ற எல்லைக்கோடு தெரிந்தால்தான், காகம் எதை அறிந்து செய்கிறது என்று பேச முடியும். மறைந்திருக்கும் இணைப்பைக் காகம் ஊகிக்கவில்லை. தன் கண்முன்னே கல் மூழ்குவதையும் புழு நெருங்குவதையும் பார்த்துச் செயல்படுகிறது.

சங்கப்பலகை எழுதியது:

இவ்வளவும் பேசிவிட்டு, நம் மொழி காகத்தைப் பற்றிச் சொல்லும் மிகப் பழைய கருத்தை விட்டுவிட முடியாது. திருவள்ளுவர் சுற்றந்தழால் அதிகாரத்தில், காக்கை கிடைத்ததை மறைக்காமல், இனத்தைக் கரைந்து அழைத்து உண்ணும் என்கிறார். விருந்து வரக் கரையும் காக்கையைப் பாடியதாலேயே நச்செள்ளையார் என்ற சங்கப் புலவருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயர் அமைந்தது. என் அப்பத்தா காலையில் வடித்த சோற்றின் முதல் பிடியை ஓட்டுத்திண்ணையில் வைத்து "கா... கா..." என்று அழைப்பார், முதலில் வரும் காகம் உடனே தின்னாமல் கத்திய பிறகே கொத்துவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். இதற்கு அறிவியல் என்ன சொல்கிறது என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

தாழைக்காடு எழுதியது:

சங்கப்பலகை ஐயாவின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஏனெனில் கிட்டத்தட்ட இதே கேள்வியை முன்வைத்து ஒருவர் பல குளிர்காலங்களைப் பனியில் கழித்திருக்கிறார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பெர்ன்ட் ஹைன்ரிக் என்ற உயிரியலாளர், ரேவன் எனப்படும் பெருங்காகங்கள் காட்டில் இறந்து கிடக்கும் மானைக் கண்டதும் ஏன் உரக்கக் கத்திப் பிறவற்றை அழைக்கின்றன என்று கேட்டார். இரையைக் கண்ட பறவை சத்தமின்றித் தானே தின்பதுதானே லாபம்?

அவர் கண்ட விடை இது. ஓர் எல்லைக்கு உரிமையுள்ள மூத்த இணை, இரை கிடைத்தால் பெரும்பாலும் கத்துவதில்லை. கத்துபவை எல்லை இல்லாத இளம்பறவைகள். தனியே தின்ன முயன்றால் உரிமையாளர் இணை அவற்றை விரட்டிவிடும். கூட்டமாக வந்தால் விரட்ட முடியாது. ஆக, கரைந்து அழைப்பது கொடையும் ஆகும், தன் பங்கைப் பெறும் வழியும் ஆகும். அழைத்த பறவைக்கு அழைக்கப்பட்டவை தேவை. சுற்றத்தைத் தழுவுவதால் வரும் ஆக்கம் என்று குறள் சொல்வதை இதற்கு அருகில் வைத்துப் படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆனால் "மறைக்காமல்" என்ற சொல்லை மட்டும் பறவையியல் அப்படியே ஏற்காது. மிஞ்சியதை ஓட்டிடுக்கிலும் இலைக்கு அடியிலும் ஒளித்து வைப்பது காக இனத்தின் வழக்கம். வியன்னாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், பக்கத்து அறையில் வேறு ரேவன் இருப்பதுபோல் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டார்கள். இரண்டு அறைக்கும் நடுவில் சிறு பார்வைத்துளை திறந்திருந்தால், இரையை வைத்திருந்த பறவை விரைந்து ஒளித்தது, ஒளித்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்க் காட்டிக்கொடுக்கவுமில்லை. துளை மூடியிருந்தால் அவ்வளவு எச்சரிக்கை இல்லை. அந்தத் துளை வழியாகத் தான் முன்பு பார்த்திருப்பதால், பிறிதொன்றும் தன்னைப் பார்க்கக்கூடும் என்று அது கணக்கிட்டதாகவே தோன்றுகிறது.

குயில்தோப்பு எழுதியது:

எல்லோரும் காகத்தைப் புகழ்கிறீர்கள். முகத்தைப் பல ஆண்டுகள் மறக்காத பறவைக்கு, தன் கூட்டில் கிடக்கும் குயில் முட்டையைத் தெரியவில்லையே? எங்கள் மாமரத்தில் ஒவ்வொரு கோடையிலும் காகம் தன் அலகைவிடப் பெரிதாக வாய் திறக்கும் குயில் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது. இதை எப்படி விளக்குவீர்கள்?

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

இந்த இழையில் இதுவரை கேட்கப்பட்டவற்றுள் மிகக் கூர்மையான கேள்வி இதுவே.

குயில் முட்டை காக முட்டையைவிடச் சிறியது. ஆனால் நிறமும் புள்ளியும் அதைப் பெரிதும் ஒத்திருக்கின்றன. காகத்தின் சொந்த முட்டைகளே ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. ஐயத்தின்பேரில் ஒன்றை வெளியே தள்ளினால், தன் முட்டையையே தள்ளிவிடும் ஆபத்து உண்டு. நம் குயிலின் குஞ்சு, ஐரோப்பியக் குயிலின் குஞ்சைப்போல உடனிருப்பவற்றைக் கூட்டிலிருந்து வெளியே தள்ளும் வழக்கம் உடையதும் அல்ல. எனவே பல நேரம் காகக் குஞ்சும் உடன் வளர்ந்துவிடுகிறது. வடக்கு ஸ்பெயினில் காகக் கூட்டில் வளரும் வேறோர் இனக் குயிலின் குஞ்சு, பிடித்தால் துர்நாற்றமுள்ள நீரை வெளியேற்றி இரைகொல்லிகளை விரட்டுவதால், வேட்டைவிலங்கு மிகுந்த ஆண்டுகளில் அந்தக் கூடுகளுக்கு நன்மையே செய்கிறது என்று 2014-இல் கண்டறிந்தார்கள்.

ஆனால் முக்கியமான காரணம் வேறு என்று நான் நினைக்கிறேன். கற்பதற்குத் தவற்றின் விளைவு கண்முன் தெரிய வேண்டும். மாடிவீடு ஐயா குஞ்சைத் தூக்கினார், குஞ்சு கத்தியது, அந்த முகம் அக்கணமே தீமையோடு பிணைந்துவிட்டது. குயில் குஞ்சை வளர்த்த காகத்துக்கோ எந்தக் கணத்திலும் "நீ ஏமாந்தாய்" என்று சொல்லும் நிகழ்ச்சி நேர்வதில்லை. குஞ்சு வாய் திறக்கிறது, இரையை விழுங்குகிறது, வளர்கிறது, பறந்து போகிறது. அதே காகம், கூட்டை நெருங்கும் கறுத்த ஆண் குயிலைத் தெரு முழுவதும் துரத்துவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே எதிரியின் உருவம் வெளிப்படையாகத் தெரிகிறது.

சிங்கைவாசி எழுதியது:

நம் வீட்டுக்காகம் கடல் கடந்த கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1890-களில், காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளான் பகுதிக்கு இதைக் கொண்டுவந்தார்கள். இப்போது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இது எங்கும் உண்டு. கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் நெதர்லாந்துத் துறைமுகத்திலும்கூடக் குடியேறியது. கென்ய அரசு 2024-இல் பத்து லட்சம் காகங்களை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. அங்கு இது உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் சூறையாடுகிறது. அறிவைப் பாராட்டும்போது, அதே அறிவு பிற பறவைகளுக்கு என்ன செய்கிறது என்பதையும் வருத்தத்தோடு நினைக்க வேண்டியிருக்கிறது.

ஐயவாதி எழுதியது:

இத்தனை சிறிய தலைக்குள் இது எப்படி முடிகிறது என்பதை யாரேனும் விளக்குவீர்களா? பறவை மூளையில் நம்மைப்போல் மடிப்புள்ள புறணி, அதாவது மூளையின் வெளியடுக்கு, இல்லை என்றுதான் பள்ளியில் படித்தேன்.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

மடிப்பு இல்லை என்பது உண்மை, நெருக்கம் இருக்கிறது. 2016-இல் பல பறவைகளின் மூளையிலுள்ள நரம்புச் செல்களை எண்ணினார்கள். சுமார் 14 கிராம் எடையுள்ள ரேவன் மூளையின் முன்பகுதியில் மட்டும் ஏறத்தாழ 120 கோடி செல்கள் இருந்தன. அதைவிடப் பல மடங்கு பெரிய மூளையுள்ள சில குரங்குகளின் புறணியில்தான் இந்த எண்ணிக்கை இருக்கிறது. செல்கள் சிறியவை, நெருக்கமாக அடுக்கப்பட்டவை. பறக்கும் உடலுக்கு எடை குறைந்த மூளை வேண்டும் அல்லவா?

அந்த மூளை என்ன செய்யும் என்பதற்கு ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் நீடர் குழுவினர் செய்துவரும் சோதனைகள் சான்று. 2024-இல் வெளியான ஆய்வில், திரையில் தோன்றும் குறியையோ கேட்கும் ஒலியையோ பொறுத்து, ஒன்றிலிருந்து நான்கு வரை சரியான எண்ணிக்கையில் கத்தவும், கத்தி முடித்ததும் திரையைக் கொத்தி "முடிந்தது" என்று தெரிவிக்கவும் காகங்களைப் பழக்கினார்கள். அந்த முதல் "கா"வின் ஒலியமைப்பை மட்டும் ஆராய்ந்தே, அது மொத்தம் எத்தனை முறை கத்தப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. வாய் திறக்கும் முன்னரே எண் தீர்மானமாகிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

மாடிவீடு எழுதியது:

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு காகம் மின்சாரம் தாக்கி விழுந்தது. சில நிமிடங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை கம்பிகளிலும் மதில்களிலும் கூடிவிட்டன. முதலில் காது அடைக்கும் சத்தம். பிறகு சிறிது நேரம் ஒன்றுமே கத்தவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கலைந்தன. துக்கம் என்றே எனக்குப் பட்டது. மின்வாரிய ஊழியர் இறந்த காகத்தைக் கையுறையுடன் எடுத்தபோது அவர்மேல் மூன்று காகங்கள் பாய்ந்தன.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

இதையும் சியாட்டலில் ஆராய்ந்தார்கள். கேலி ஸ்விஃப்ட் என்ற ஆய்வாளர், முகமூடி அணிந்த ஒருவர் இறந்த காகத்தின் பாடம் செய்த உடலை ஏந்தி நிற்கும்படி செய்தார். காகங்கள் கூடிக் கத்தின. பின்வந்த நாட்களில், வழக்கமாக இரை வைக்கும் அந்த இடத்துக்கு வரத் தயங்கின. அந்த முகம் வெறுங்கையுடன் வந்தபோதும், ஆறு வாரங்கள் வரை அதைத் திட்டின. இந்த ஆய்வு 2015-இல் வெளியானது. இறந்த உடலைச் சுற்றி அவை கூடுவது, இங்கே என்ன ஆபத்து, யாரால் ஆபத்து என்று கற்றுக்கொள்வதற்காகவும்தான் என்பது தெளிவாகிறது. அந்த ஊழியர் சில வாரங்கள் உங்கள் தெருவில் கவனமாக இருக்கட்டும், உண்மையாகவே சொல்கிறேன்.

மாடிவீடு எழுதியது (அடுத்த ஆண்டு, ஏப்ரல்):

பழைய இழையை மீண்டும் எழுப்புவதற்குப் பொறுத்தருள்க. சென்ற ஆண்டு குஞ்சு நன்றாகப் பறக்கத் தொடங்கியதும் தாக்குதல் நின்றுவிட்டது, நானும் மறந்துவிட்டேன்.

இம்மாதம் அதே வேப்பமரத்தில், அதே கவட்டில் மீண்டும் கூடு எழும்புகிறது. காலில் வளையம் இல்லாததால் அதே இணை என்று நான் அறுதியிட மாட்டேன். முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. கம்பித்துண்டும் துடைப்பக் குச்சியும் சேர்ந்த அரைகுறைக் கூடு மட்டுமே. நேற்றுக் காலை என் மனைவி கோலம் போட்டு முடித்து உள்ளே வரும்வரை, அலகில் குச்சியுடன் இருந்த காகம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் செய்தித்தாள் எடுக்க வாசற்படி இறங்கினேன். குச்சியைக் கீழே போட்டுவிட்டு, கழுத்தைச் சாய்த்து என்னை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மரத்தின் மறுபக்கத்திலிருந்து இரண்டாவது காகம் வந்து சேரும்வரை விடாமல் கத்தியது. தம்பி ஊரிலிருந்து வந்திருக்கிறான். இன்று மாலை அவனை முதலில் அனுப்பிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.